பெட்டி கட்டும் முன் கடிதத்தைப் பிரியுங்கள்



சென்ற மாதம் ஸ்கூடாயிலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மூன்று கடிதங்கள். மூன்றும் பிரிக்கப்படவில்லை. முன்பு வாடகைக்கு இருந்த உட்லண்ட்ஸ் வீட்டு முகவரிக்கு வந்தவை. பழைய பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்து, யாரோ பாலம் கடக்கும்போது கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"சார், இது சிங்கப்பூர் ஆர்மி கடிதம்னு சொல்றாங்க. பயத்துல பிரிக்கவே இல்ல."

"மகனுக்கு என்ன வயசும்மா?"

"வர்ற தையில பதினேழு முடியுது சார். வேணாம்னு எழுதிக் குடுத்துட முடியாதா?"

இந்தக் கேள்வியை இதுவரை எத்தனை பெற்றோர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று எண்ணி வைக்கவில்லை. ஜொகூரில் வழக்கறிஞராக இருக்கும் எந்தத் தமிழனும் இதைக் கேட்டிருப்பான். மாசாய், பாசிர் கூடாங், உலு திராம், ஸ்கூடாய் என்று நம்மவர்கள் அடர்ந்து வாழும் இடங்களிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் கிளம்பி, பாலம் கடந்து, அங்கே வேலை செய்து, இரவு திரும்பி வரும் அப்பாக்களின் பிள்ளைகள் இவர்கள். அப்பாவுக்குப் பல வருடம் கழித்து அங்கே பி.ஆர். கிடைத்தது. பள்ளிக் கட்டணம் குறையும், மருத்துவமனைச் செலவு குறையும் என்று மகனுக்கும் சேர்த்துப் பாரம் நிரப்பினார். பையனுக்கு அப்போது நாலு வயது, ஐந்து வயது. பாரத்தில் என்ன எழுதியிருந்தது என்று யார் படித்தார்கள்?

அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே பையனுக்கு ராணுவப் பயிற்சி எழுதியாகிவிட்டது. தேக்கோங் தீவுக்குத் தயாராவது என்றால் ஓட்டப் பயிற்சியும் முடிவெட்டும் மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் இருப்பது சட்டம். ஆகவே முதலில் சட்டத்தைச் சொல்லி விடுகிறேன், ஓட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

சிங்கப்பூரில் கட்டாய தேசிய சேவை 1967-ல் தொடங்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1970-ஆம் ஆண்டுச் சேவைச் சேர்ப்புச் சட்டம். குடிமகனாக இருந்தாலும் நிரந்தரவாசியாக இருந்தாலும் ஆண்பிள்ளை அதன் கீழ் வருகிறான். தன் தொழில் தகுதியால் பி.ஆர். வாங்கிய முதல் தலைமுறை அப்பாவுக்கு விலக்கு உண்டு. அப்பா அம்மாவின் பேரில் பி.ஆர். பெற்ற மகனுக்கு விலக்கு இல்லை. இந்த வித்தியாசம்தான் நம் குடும்பங்களை ஏமாற்றுகிறது! "நான் போகலையே, என் மகன் ஏன் போகணும்?" என்று கேட்கிறார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தின் பதில் வேறு.

பதினாறரை வயதில் பதிவு. அதன்பின் மருத்துவப் பரிசோதனை. பதினெட்டு முடிந்ததும் கிடைக்கும் முதல் வாய்ப்பில் சேர வேண்டும். உயர்நிலை, தொடக்கக் கல்லூரி, பாலிடெக்னிக் படிப்பு நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை தள்ளி வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்காகத் தள்ளி வைக்க விடுவதில்லை. முழுநேர சேவை 2 வருடம். 2004-க்கு முன் இரண்டரை வருடம் செய்தவர்களும் உண்டு. அது முடிந்த பிறகும் வருடா வருடம் கூப்பிடுவார்கள். சாதாரண வீரருக்கு 40 வயது வரை அந்தக் கடமை ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பையன் 3 மாதமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே தங்குவதானால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். வாடகை தாங்காமல் ஜேபிக்கே குடும்பத்தோடு திரும்பி வந்து, பையனை இங்கே இடைநிலைப்பள்ளியில் சேர்த்தவர்கள் எத்தனை பேர் அதை வாங்கினார்கள்? "நம்ம ஊருக்கு வந்ததுக்கு யாருகிட்ட அனுமதி?" என்று ஒருவர் என்னிடமே சண்டைக்கு வந்தார். அவருக்கு இது நம் ஊர். அவர்களின் ஏட்டில் இது வெளிநாடு.

நிறத்தைப் பாருங்கள். இங்கே நீல அடையாள அட்டை என்றால் குடிமகன். அந்த நீல அட்டைக்காக நம்மவர்கள் எத்தனை வருடம் பதிவு இலாகாவின் படியேறி இறங்குகிறார்கள் என்பது இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் நீல அட்டை என்றால் நிரந்தரவாசி, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. அங்கே நீலம் வைத்திருப்பவன் குடிமகன் இல்லை, ஆனால் குடிமகனின் துப்பாக்கியைத் தூக்க வேண்டியவன்.

சரி, போகாவிட்டால் என்ன ஆகும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அப்பா வந்தார். தொழிற்சாலைத் தொழில்நுட்பர். மகன் பன்னிரண்டு வயதில் சிங்கப்பூரை விட்டு வந்தவன். இங்கே ஐந்தாம் படிவம் முடித்து, டிப்ளோமா முடித்து, வேலையும் பார்த்தான். இருபத்தைந்து வயதில் நல்ல சம்பளத்தில் அங்கே ஒரு வேலை. நேர்காணலுக்குப் போனவனை உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலேயே நிறுத்தி விட்டார்கள். ஏழு வருடமாகச் சேவைக்கு வராதவன் என்று கணினி சொன்னது. பையனுக்குத் தான் தேடப்படுகிறோம் என்பதே தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் தெரியும். "பேசாம இருந்தா மறந்துடுவாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். நான் அங்கே வாதாட முடியாது. தெரிந்த சிங்கப்பூர் வழக்கறிஞரிடம் அனுப்பினேன். மாதக்கணக்கில் சிறை. சிறை முடிந்தபின் சேவையும் காத்திருந்தது.

இது வழிதவறிய ஒரு தீர்ப்பு என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் உச்ச தண்டனை 10,000 வெள்ளி அபராதம், 3 வருடச் சிறை, அல்லது இரண்டும். 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் ஓர் அளவுகோலைப் போட்டது. 2 முதல் 6 வருடம் வராமல் இருந்தவனுக்கு 2 முதல் 4 மாதச் சிறை. 7 முதல் 10 வருடம் என்றால் 5 முதல் 8 மாதம். 11 முதல் 16 வருடம் என்றால் 14 முதல் 22 மாதம். அதற்கும் மேலே போனால் 24 மாதத்தில் தொடங்கி 3 வருடம் வரை. தானே வந்து சரணடைந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொஞ்சம் குறையலாம். எல்லாரும் போகிறார்கள், ஒருவன் மட்டும் தன் இளமையைக் காப்பாற்றிக்கொண்டு வயதான பிறகு வந்து நின்றால் மற்றவர்களுக்கு அது அநியாயம் என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். காலம் கடக்கக் கடக்கத் தண்டனை ஏறும். நம்மவர்கள் நினைப்பதற்கு நேர் எதிர்!

பி.ஆரைத் திருப்பிக் கொடுத்து விட்டால்? கொடுக்கலாம். சேவை செய்யாமல் கொடுத்த பையன் பிறகு அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராகப் பார்க்கப்படும். பெற்றோரின், உடன்பிறந்தோரின் மறுநுழைவு அனுமதியும் பாதிக்கப்படலாம் என்று அந்த அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அப்பாவின் வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா? ஆகவே கொடுப்பதானால் சீக்கிரம், நாலையும் யோசித்து, வழக்கறிஞரைக் கேட்டுக் கொடுங்கள். கடிதம் வந்து மூன்று வருடம் கழித்து ஓடிவராதீர்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளைக்காக அப்பா போட்ட கையெழுத்து இருபத்தைந்து வயது ஆண்மகனைச் சிறைக்கு அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதினாறு வயதில் அவனையே கூப்பிட்டு, அவனுக்குப் புரியும் மொழியில் சொல்லி, இருக்கிறாயா போகிறாயா என்று ஒருமுறை கேட்க வேண்டும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. அப்படியிருந்தும் நம் தொழிலாளிக்கு வரும் கடிதம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஆனால் சட்டம் மாறும் வரை இருக்கும் சட்டத்துக்குள்தான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும்.

"நம் பையன் அடுத்த நாட்டுக்குத் துப்பாக்கி தூக்குவதா?" என்று கூட்டங்களில் எழுந்து கேட்கும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு வீடு போனபோது, படித்த பையனுக்கு இங்கே வேலை கதவு திறக்காதபோது, அந்த அப்பா நாலு மணிக்கு மோட்டாரை உதைத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நம் நாட்டிலும் தேசிய சேவைப் பயிற்சி 2004-ல் தொடங்கி, 2018-ல் ரத்தாகி, 2025-ல் 45 நாள் திட்டமாக மறுபடி வந்திருக்கிறது. பயிற்சி என்பது நமக்குப் புதிதில்லை. அங்கேயும் எல்லாம் சமமாகத்தான் தொடங்கியது என்று சொல்ல மாட்டேன். 1967-க்குப் பிறகு பல ஆண்டுகள் மலாய் இளைஞர்கள் பரவலாக அழைக்கப்படவில்லை என்பதும் வரலாறு. எந்த ராணுவமும் இனத்தைப் பார்க்காத இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டே பையனைத் தயார் செய்யுங்கள்.

இனி உடம்பு.

அடிப்படை ராணுவப் பயிற்சி தேக்கோங் தீவில். உடல் தகுதி உள்ளவனுக்கு ஏறக்குறைய 9 வாரம். தகுதி குறைந்தவனுக்கும் எடை கூடியவனுக்கும் அதைவிட நீளம். உடற்தகுதிச் சோதனையில் மூன்றே மூன்று: ஒரு நிமிடத்தில் தண்டால், ஒரு நிமிடத்தில் படுத்து எழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி. அதில் 50 ஓட்டத்துக்கே. சேர்வதற்கு முன்பே இந்தச் சோதனையை எழுதி 61 புள்ளி எடுத்து விட்டால் சேவையில் 2 மாதம் குறைகிறது. திரும்பப் படியுங்கள்: 2 மாதம்! அந்த இரண்டு மாதம் முழுச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். காசு செலவில்லாமல், தாமான் திடலில் ஓடியே அதைச் சம்பாதிக்கலாம். நம் பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மாதம் வேக நடையும் மெதுவோட்டமும் மாறி மாறி, வாரத்தில் மூன்று நாள் போதும். காலையிலோ சாயங்காலமோ ஓடட்டும். உடம்பு வெயிலுக்குப் பழகுவது அவசியம்தான், அதற்காக முதல் நாளே உச்சி வெயிலில் ஓட விடாதீர்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது; வெப்பத்தாக்கு அப்படித்தான் வருகிறது. இதைப் பயிற்சிக்குப் போன பிறகும் அவன் நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சலோடு அணியில் நிற்பது வீரம் இல்லை. (இதை எழுதுவதற்காக என் அக்கா மகனோடு 2.4 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். அவன் முடித்துத் தண்ணீர் குடித்து, கைப்பேசியில் ஒரு பாட்டும் கேட்டு முடித்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன். எத்தனை நிமிடம் என்று சொல்லமாட்டேன்.)

இரவு பதினோரு மணிக்கு மாமாக் கடை, ரொட்டி சானாய், இனிப்புத் தூக்கலாகத் தே தாரிக், பிறகு இரண்டு மணி வரை கேம். இப்படி இருக்கும் பையன் தேக்கோங்கில் முதல் வாரம் ஓட்டத்தால் கஷ்டப்படுவதில்லை. தூக்கத்தால் கஷ்டப்படுகிறான். அங்கே விடியும் முன் எழ வேண்டும். ஒரு மாதம் முன்பே நேரத்தோடு படுத்து நேரத்தோடு எழப் பழக்கினாலே பாதி பாரம் குறையும்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை, கோபப்படாதீர்கள். நம் வீடுகளில் மகன் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதில்லை, தங்கச்சி கழுவுகிறாள். சட்டைக்கு இஸ்திரி போடுவது அம்மா. அறுந்த பொத்தானைத் தைப்பதும் அம்மா. அங்கே படுக்கையை விரிப்பது, துணி துவைப்பது, கழிப்பறை தேய்ப்பது எல்லாம் அவனே. எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஓட்டத்தில் முதலாக வந்தான். படுக்கை ஒழுங்காக இல்லை என்று தினம் திட்டு வாங்கினான். இன்றைக்கே துடைப்பத்தை அவன் கையில் கொடுங்கள்.

ஒரு விஷயத்தில் ஜொகூர்ப் பையனுக்குத்தான் சாதகம். சிங்கப்பூர் ராணுவத்தில் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில். செடியா, செனாங் டிரி, செப்பாட் ஜாலான்... இங்கே பள்ளியில் சீருடை இயக்கத்தில் இருந்தவனுக்கு இதெல்லாம் பழகியவை. மற்றப்படி பாடமும் பேச்சும் ஆங்கிலம். மலாய் வழியில் படித்தவனுக்கு அங்கேதான் தடுமாற்றம். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. துப்பாக்கி கையில் இருக்கும் இடத்தில் அது ஆபத்து. "புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் தயங்காமல் சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள்.

இப்போது மிக முக்கியமானதுக்கு வருகிறேன். நோயை மறைக்காதீர்கள்!

"ஆஸ்துமான்னு எழுதினா ஆபீசர் ஆக விடமாட்டாங்களாமே சார்?" "சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு, இப்ப இல்ல. எழுதணுமா?" "மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டான், வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" இவை எல்லாமே என் மேசைக்கு முன்னால் கேட்ட குரல்கள். எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஜொகூரில் சிகிச்சை எடுத்த பையனின் பதிவு சிங்கப்பூர் மருத்துவரின் கணினியில் தானாக வந்து நிற்காது. இங்கே அரசாங்க மருத்துவமனையில் கொடுத்த அட்டை, கிளினிக்கில் வாங்கிய மருந்துச் சீட்டு, மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் திரட்டி, பரிசோதனை நாளில் அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2012-ல் அங்கே ஒரு பயிற்சியில் புகைக்குண்டு வெடித்த புகையைச் சுவாசித்து ஓர் இளம் வீரர் இறந்தார். ஆஸ்துமா இருந்தவர். இரண்டு குண்டுக்குப் பதில் ஆறு குண்டு பயன்படுத்தப்பட்டது என்று விசாரணையில் தெரிந்தது. குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2016-ல் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம், அரசு வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. சேவைக் கடமையில் நடந்த மரணத்துக்கும் காயத்துக்கும் அரசாங்கத்தின் மீதும் சக வீரர் மீதும் அலட்சிய வழக்குத் தொடுக்க முடியாதபடி அது காக்கிறது. நிர்வாக வழியில் இழப்பீடு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழி அடைபட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் மரணங்கள் நடந்தன. 2019-ல் பாதுகாப்பைக் கண்காணிக்கவே தனித் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஏற்படுத்தினார்கள். நல்லதுதான். இருந்தாலும், பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற கதவே இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாள்தான் பெற்றோரின் ஆயுதம். அதைப் பெண் பார்க்கும் கவலைக்காக விட்டுக்கொடுப்பதா?

பங்க் அறையில் நடப்பதைப் பற்றியும் பேச வேண்டும். நிறத்தை வைத்துக் கேலி, எண்ணெய் வாசனையைச் சொல்லிக் கேலி, பெயரைக் கோணலாக்கிக் கூப்பிடுவது. எல்லாப் பையனுக்கும் நடக்கிறது என்று சொல்லவில்லை. பல பையன்கள் சீன, மலாய் நண்பர்களை வாழ்நாளுக்குச் சம்பாதித்து வந்திருக்கிறார்கள். நடந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அடிக்கக் கூடாது. மேலதிகாரி மீது கை வைத்தால் ராணுவச் சட்டம் பாயும். கேலி செய்தவன் தப்பிப்பான், நம் பையன் தடுப்பு முகாமுக்குப் போவான். கேலி நடந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கட்டும். சார்ஜெண்டிடம் சொல்லட்டும், பலனில்லையா அதிகாரியிடம் சொல்லட்டும். பெற்றோரும் பிரிவை அழைத்துக் கேட்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. சைவமோ ஹலாலோ எதுவானாலும் சாப்பாட்டு முறையை முதலிலேயே எழுத்தில் கொடுத்து விடுங்கள். பட்டினி கிடந்து பக்தி காட்ட வேண்டாம்.

தேக்கோங்கின் மூன்று கதவு அறை, பேய்க்கதை எல்லாம் கேட்டுப் பயப்படும் அம்மாக்களுக்கு: அந்தக் கதையைச் சொல்லாத பையனே அங்கே கிடையாது, பேயைப் பார்த்தவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

காசு விஷயம். அது சம்பளம் இல்லை, படித்தொகை. 2025 ஜூலையில் உயர்த்திய பிறகும் புதிதாகச் சேர்பவனுக்கு மாதம் 800 சிங்கப்பூர் வெள்ளியைத் தொடவில்லை. பதினெட்டு வயது மகனின் சம்பளத்தை நம்பிக் காடிக் கடனோ வீட்டுக் கடனோ எடுக்கத் திட்டமிட்டிருந்தால் இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். அப்பா படுத்த படுக்கை, அம்மா தனியாள் என்று உண்மையான கஷ்டம் இருந்தால் பையன் தன் தளபதியிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். உதவித் திட்டங்கள் இருக்கின்றன. மானம் பார்த்துச் சொல்லாமல், இரவில் கள்ளத்தனமாக வேலைக்குப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜொகூர்க் குடும்பத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வார இறுதி விடுப்பில் பையன் ஜேபி வீட்டுக்கு வருவதும் வெளிநாட்டுப் பயணம்தான். பிரிவில் கேட்டு, அறிவித்து விட்டுத்தான் வர வேண்டும். ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு இரவு பாலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? "ஜாம் சார்" என்பது அங்கே காரணமே இல்லை. தாமதமாகப் போனால் அனுமதியின்றி வராதவன் என்று எழுதுவார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு அனுப்பி விடுங்கள். இல்லாவிட்டால், சிங்கப்பூரில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் முதல் சில வாரம் அங்கேயே தங்கட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள்.

சேரும் நாளில் பெற்றோரையும் படகில் தீவுக்கு அழைத்துப் போவார்கள். சாங்கியிலிருந்து படகு. படுக்கும் இடத்தைக் காட்டுவார்கள், அங்கேயே சாப்பாடும் போடுவார்கள், பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்து விட்டுத் திரும்பலாம். வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுக் கட்டாயம் போங்கள். பக்கத்து மேசையில் அப்பா, அம்மா, பாட்டி என்று குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது நம் பையன் மட்டும் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு இருப்பதை நினைத்துப் பாருங்கள். பயிற்சி முடிவில் 24 கிலோமீட்டர் நடை, பிறகு அணிவகுப்பு. அதற்கும் போங்கள்.

நம் இயக்கங்களின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. முகாமில் ஒரு பிள்ளை இறந்தால் அறிக்கை விடுகிறோம். மூன்று நாள் முழங்குகிறோம். பதினைந்து வயதுப் பையன்களின் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் இந்தச் சட்டத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறோமா? ஜொகூரில் இத்தனை தமிழ்ப்பள்ளி, இத்தனை கோயில். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. இதற்கு இல்லையா? இந்தக் குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்த உட்லண்ட்ஸ் பையனின் அப்பாவை அதற்கு முன்பே ஒரு கோயில் கூட்டத்தில் சந்தித்திருக்கிறேன். மகன் சிங்கப்பூர் பி.ஆர். என்று பெருமையாகச் சொன்னார். நானும் "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு அன்னதானத்துக்குப் போனேன்.

ஸ்கூடாய் அம்மாவின் மூன்று கடிதங்களையும் அன்றே பிரித்தோம். முதலாவது பதிவு செய்யச் சொல்கிறது. இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவதில் தொனி மாறியிருந்தது, ஆனால் கெடு தாண்டவில்லை. மறுநாளே பதிவு செய்தார்கள். பையன் இப்போது தினம் சாயங்காலம் தாமானைச் சுற்றி ஓடுகிறான். அவனுக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு இருந்திருக்கிறது. பழைய மருத்துவமனை அட்டையை அம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் அலமாரி மேல், சாமி படத்துக்குப் பின்னால், அப்படி ஒரு கடிதம் இருந்தால் எடுத்து வாருங்கள். பிரிக்காமல் வைத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.